உடையாத பக்கம்

ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. வயதில் மூத்த பேராசிரியரும் அக்கா என்பார், தரை துடைக்க வருகிறவரும் அக்கா என்பார். கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பெயராகி, சம்பளம் போடுகிறவருக்குக்கூட அவளுடைய சொந்தப் பெயர் சட்டென்று நினைவுக்கு வராது. ஆனால் கூடப் பிறந்தவன் என்று அவளுக்கு இருந்தது ஒரே ஒரு தம்பிதான். லிஃப்ட் மெக்கானிக். அம்மா கண்ணை மூடியபோது அவனுக்குப் பால்பல்கூட விழுந்திருக்கவில்லை. அக்காதான் குளிப்பாட்டினாள், சோறு ஊட்டினாள், பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டாள். அவன் அடுத்த வீட்டுப் பிள்ளையின் மண்டையை உடைத்துவிட்டு வந்தபோது அந்த வீட்டுக்கே போய், உங்கள் பிள்ளைதான் ஓடிவந்து சுவரில் முட்டிக்கொண்டான் என்று சாதித்துவிட்டும் வந்தாள். அந்தப் பழக்கம் பிறகு அவளை விடவே இல்லை.

அவளுடைய வேலை எலும்பு வளர்ப்பது. நோயாளியின் இடுப்பெலும்புக்குள் பருத்த ஊசியை இறக்கி மஜ்ஜை எடுப்பார்கள். அதிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து அவள் கையில் கொடுப்பார்கள். என்னவாக ஆவது என்று இன்னும் முடிவெடுக்காத செல்கள் அவை. எலும்பாகவும் ஆகும், கொழுப்பாகவும் ஆகும், கவனிக்காவிட்டால் ஒன்றுமில்லாமலும் போகும். அவற்றை இளஞ்சிவப்பான ஊட்டநீரில் விட்டு, உடம்புச் சூட்டிலேயே இருக்கும் பெட்டிக்குள் வைத்துப் பெருக்குவாள். பெருகியதும் சாரத்தில் ஏற்றுவாள். சாரம் என்றால் கட்டடத்துக்குக் கட்டுகிற மூங்கில் சாரமில்லை. இழந்த எலும்பின் அளவுக்கும் வளைவுக்கும் அச்சாகச் செய்த வெள்ளைத் துண்டு, ரஸ்க் மாதிரி உள்ளே முழுக்கத் துளைத்துளையாக இருக்கும். செல்கள் அந்தத் துளைகளில் குடியேறி, மருந்து கலந்த நீரைக் குடித்து, சுண்ணாம்பைப் படியவிட்டு மெல்லக் கெட்டியாகும். கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சைத் துகள் விழுந்தால் போதும், பட்ட பாடெல்லாம் வீண். அதுவரை அவள் வளர்த்தது ஆடுகளுக்கும் முயல்களுக்கும்தான். அதிலும் பாதி வீணாய்ப் போயிருந்தது.

தம்பியின் மனைவி டாக்ஸி கம்பெனியில் போன் எடுக்கிற வேலை பார்த்தாள். நல்ல குரல். வழி தெரியாமல் முழிக்கிற டிரைவரை, இடது பக்கம் ஒரு பேக்கரி வரும், அங்கே நின்று மூச்சு விட்டுக்கொள்ளுங்கள், பிறகு வலது பக்கம் திரும்பலாம் என்று சிரிக்கச் சிரிக்கக் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் தம்பி அவளைக் கட்டிக்கொண்டான். கட்டிக்கொண்ட பிறகு அதே சிரிப்பு அவனுக்கு ஆகாமல் போயிற்று. எந்த டிரைவர், என்ன சொன்னான், அதற்கு எதற்கு அவ்வளவு சிரிப்பு என்று குடைவான். குடைச்சல் கையோங்குவதில் முடியும். அக்கா அதே வீட்டின் மாடியில் குடியிருந்தாள். கீழே சத்தம் கேட்கும்போது ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைப்பாள். புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பி தரையில் உட்கார்ந்து தன் கருவிகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். விடுமுறை நாளிலும் எவனோ ஒரு டிரைவர் வழி கேட்டு அவளுடைய போனுக்கே கூப்பிட்டுவிட்டான். அவள் வழி சொன்னாள், ஏதோ சொல்லிச் சிரித்தாள். தம்பி எழுந்தான். கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைக்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

மருத்துவமனையில் யாரும் கேட்பதற்கு முன்னாலேயே அக்கா முந்திக்கொண்டாள். "மாடிப்படியில கால் தடுக்கிடுச்சு." ரத்தம் ஊறிய துண்டை வாயில் பிடித்துக்கொண்டிருந்த தம்பி மனைவி தலையைத் திருப்பி அவளை ஒரு பார்வை பார்த்தாள். கோபம்கூட இல்லை அதில்.

வலப்பக்கக் கீழ்த்தாடை நொறுங்கியிருந்தது. தகடு வைத்துத் திருகினார்கள், சீழ் பிடித்தது. திரும்பத் திறந்து, கெட்டுப்போன எலும்பை வெட்டி எடுத்தார்கள். முகத்தில் ஒரு பக்கம் காற்றுப் போன பந்து மாதிரி உள்ளே போய்விட்டது. பேசினால் வார்த்தைகள் குழைந்து எச்சிலோடு வழிந்தன. டாக்ஸி கம்பெனிக்காரர்கள் நல்லவர்கள், பூங்கொத்து கொடுத்துத்தான் வேலையை விட்டு அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு தம்பி ஆளே மாறிப்போனான். வேலை முடிந்ததும் நேரே வீடு. சாதத்தையும் காய்கறியையும் கூழாகக் குழைத்து ஸ்பூனால் ஊட்டுவான், வாயோரம் வழிவதைத் தன் கைக்குட்டையால் துடைப்பான். பெண்டாட்டியை இப்படித் தாங்குகிற ஆண்பிள்ளையைக் கண்ணால் பார்த்ததில்லை என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டு அக்காவுக்கு நெஞ்சு நிறைந்தது. பட்டுத் திருந்திவிட்டான், இனி ஒரு குறையும் இல்லை என்று நினைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் பேராசிரியருக்கு, வளர்த்த எலும்பை மனிதர்களுக்கு வைத்துப் பார்க்க அனுமதி கிடைத்தது. தாடை இழந்தவர்கள் யாராவது வேண்டும் என்றார். என் தம்பி மனைவி இருக்கிறாள் என்று அக்கா அந்த நிமிடமே சொன்னாள். வீட்டில் தம்பிதான் துள்ளிக் குதித்தான். உன் வாயாலேயே உன்னை மறுபடி ஊருக்கெல்லாம் வழி சொல்ல வைக்கிறேன் பார் என்று மனைவியிடம் சொன்னான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னாலும் புரிந்துகொள்வது கஷ்டம் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மஜ்ஜை எடுத்தார்கள். செல்கள் அக்காவின் கைக்கு வந்தன. அவள் வாழ்நாளில் அப்படிப்பட்ட செல்களைப் பார்த்ததில்லை. சுறுசுறுப்பாக ஒட்டின, மளமளவென்று பெருகின. சாரத்தின் ஒரு துளை மிச்சமில்லாமல் போய் உட்கார்ந்தன. கண்ணாடிக் கூண்டுக்குள் ஊட்டநீர் மெல்லச் சுரந்து அந்த வளைந்த துண்டின் ஊடே ஓடிக்கொண்டிருக்கும். அக்கா எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். கூடவே வளர்த்த சின்னத் துண்டு ஒன்றில் சாயம் விட்டபோது சுண்ணாம்பு படிந்த இடமெல்லாம் செக்கச்செவேல் என்று பிடித்துக்கொண்டது. பேராசிரியர் எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார்.

ஒரு நாள் தம்பி மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினாள். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் இருவரும் நின்றார்கள். அக்கா ஒவ்வொன்றாக விளக்கினாள்: இந்தக் குழாயில் நீர் போகிறது, இந்த மூடியை இப்படித்தான் திறக்க வேண்டும், கையுறை இல்லாமல் ஒரு தடவை தொட்டால்கூடப் போச்சு. தம்பி மனைவி வெகுநேரம் தன் எலும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தாழ்வாரத்தில் யாருமில்லை என்று பார்த்துவிட்டு, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, புரிகிற மாதிரி பேசினாள்.

"அண்ணி, அதைக் கெட்டுப்போக விட்டுடுங்க."

அக்காவுக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று தோன்றியது.

"நீங்கதானே சொன்னீங்க, கையுறை இல்லாம தொட்டாப் போதும்னு. ஒரு தடவை தொட்டுடுங்க."

"என்ன பேசற நீ? பைத்தியமா உனக்கு?"

"இந்த வாய் இப்படி ஆனதுலேருந்து உங்க தம்பி என்மேல கை ஓங்கல அண்ணி. நான் சிரிக்கல, அவரும் அடிக்கல. நல்லாத்தான் இருக்கேன். இது சரியாயிட்டா மறுபடி பேசுவேன். பேசினா மறுபடி ஆரம்பிச்சிடுவாரு."

வேண்டாம் என்றால் ஆபரேஷன் வேண்டாம் என்று நீயே சொல்லேன் என்றாள் அக்கா. அப்படிச் சொன்னால் ஏன் என்று அவர் கேட்பாரே, தானாகக் கெட்டுப்போனால் என்னை யாரும் கேட்க மாட்டார்கள் என்று பதில் வந்தது. எல்லாம் யோசித்து வைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள்.

அக்கா அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். அவன் பழைய ஆள் இல்லை, ராத்திரி பகல் என்று பாராமல் உனக்கு ஊட்டுகிறானே, அதைப் பார்த்த பிறகுமா இப்படி நினைக்கிறாய் என்றாள். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்றாள். அது உண்மைதான். ஆனால் அவள் சொல்லாத இன்னொன்றும் இருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் கையில் இவ்வளவு அழகாக எதுவும் வளர்ந்ததில்லை. அதைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. தம்பி திருந்தியிருக்காவிட்டாலும் வந்திருக்காது.

அறுவை சிகிச்சை நன்றாக நடந்தது. புது எலும்பு பழைய எலும்போடு பிணைந்தது, ரத்தம் ஓடியது, ஸ்கேனில் எது எங்கே சேர்கிறது என்றே தெரியாதபடி ஒன்றாகிவிட்டது. முகம் நிரம்பியது. குழறல் போய், முதலில் தன் பெயரையும், பிறகு தெருப் பெயர்களையும் சொல்லிப் பழகினாள். ஆய்வகத்தில் அவளைப் பேச வைத்து வீடியோ எடுத்தார்கள். தம்பி நல்ல சட்டை போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றான். டாக்ஸி கம்பெனி அவளைத் திரும்ப எடுத்துக்கொண்டது. குரல் கொஞ்சம் கனத்திருந்தது, ஆனால் டிரைவர்கள் உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். நீங்க இல்லாம நாங்க வழி தவறிப்போயிட்டோம் என்றார்களாம். அதை வீட்டில் வந்து சொன்னாள். சொல்லிச் சிரித்தாள். அத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததாலோ என்னவோ, அடக்க முடியாமல் சிரித்தாள்.

கூழும் ஸ்பூனும் நின்றுபோனதில் தம்பிக்கு வேலையில்லாமல் போயிருந்தது. அக்கம்பக்கத்துப் பாராட்டும் ஓய்ந்திருந்தது. பழைய கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. அக்கா மாடியில் ரேடியோவைக் கூட்டவில்லை, குறைத்து வைத்துக் கேட்டாள். கேட்டு என்ன? கீழே இறங்கவில்லை.

ஒரு காலையில் அக்கா வேலைக்குக் கிளம்பித் தலை சீவிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் மழையில் ஒரு டிரைவர் தம்பி மனைவியை வீட்டு வாசல்வரை கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருந்தான். அது பற்றித்தான் கீழே பேச்சு. பிறகு பேச்சு நின்றது, பாத்திரம் உருண்டது. அக்கா சீப்போடு இறங்கி ஓடினாள். தம்பி லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது கொண்டுபோகிற இரும்பு டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். தம்பி மனைவி அடுப்பு மேடைக்குக் கீழே காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாய் ஒரு பக்கமாகக் கோணி, மூட முடியாமல் திறந்திருந்தது.

"நீயே சொல்லுக்கா, வாசல்வரைக்கும் எதுக்கு வரணும் அவன்?" என்றான் தம்பி, நியாயம் கேட்கிறவன் மாதிரி.

மருத்துவமனையில் படம் எடுத்தார்கள். இந்த முறை என்ன சொல்ல வேண்டும் என்பது அக்காவுக்குத் தெளிவாக இருந்தது. வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்திருந்தாள். யாராவது கேட்டவுடன் சொல்லிவிடுவது என்று நாக்கின் நுனியில் வைத்துக்கொண்டு நின்றாள். யாரும் கேட்கவில்லை. படத்தைப் பார்த்த அறுவை மருத்துவர் நேரே பேராசிரியருக்குப் போன் போட்டார். பேராசிரியர் ஓடோடி வந்தார். இருவரும் திரைக்கு முன்னால் தோளோடு தோள் உரசி நின்றார்கள்.

அடி விழுந்தது வலப்பக்கம், புது எலும்பின் மேல். உடைந்தது அது அல்ல. இடப்பக்கத்தில், காதுக்குக் கீழே தாடை போய் மூட்டில் சேர்கிற மெல்லிய கழுத்து, அவள் பிறந்ததிலிருந்து வைத்திருந்த எலும்பு, அதுதான் இரண்டாக முறிந்திருந்தது.

"பாருங்கக்கா," என்றார் பேராசிரியர். திரையில் வலப்பக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினார். "ஒரு கீறல் இல்ல. வாங்கின அடியை அப்படியே அந்தப் பக்கம் கடத்திவிட்டிருக்கு. இயற்கை எலும்பு உடைஞ்சிருக்கு, நம்மது நிக்குது. இதை எந்த ஆய்வகத்திலயும் செஞ்சு பாக்க முடியாது."

"இது விழுந்து பட்ட அடி இல்ல சார்," என்றாள் அக்கா. "என் தம்பி அடிச்சான். முதல்லயும் அவன்தான். படியில கால் தடுக்கிடுச்சுன்னு நான்தான் பொய் சொன்னேன்."

பேராசிரியர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அடடா என்றார், போலீசுக்குச் சொல்ல வேண்டியதுதான் என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டதும் பார்வை மறுபடி திரைக்குப் போயிற்று.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. எதால அடிச்சாரு, எந்தக் கோணத்துலன்னு தம்பிகிட்ட கேட்டுச் சொல்ல முடியுமா? அந்தப் பொருளோட எடை தெரிஞ்சாலே போதும்."

அக்கா அங்கிருந்து நேரே காவல் நிலையத்துக்குப் போனாள். எழுதிக்கொண்டவர் ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டார், கூடப் பிறந்த அக்காதானா என்று. முதல் தடவை ஏன் மறைத்தீர்கள் என்றும் கேட்டார். என் தம்பி என்று மட்டும் சொன்னாள். தம்பியைப் பிடித்துக்கொண்டு போனபோது அவன் சிரித்துக்கொண்டே போனான். அக்கா ஏதோ கோபத்தில் செய்துவிட்டாள், பொழுது சாய்வதற்குள் வந்து கூட்டிப்போவாள் என்று ஏட்டிடம் சொன்னானாம். அவள் போகவில்லை. கொஞ்ச காலம் உள்ளே இருந்தான், வேலை போயிற்று. திரும்பி வந்தபோது வீட்டில் பாதி அவனுடையது என்பதால் கீழேயே குடியிருந்தான். தெருவில் எல்லோரோடும் பழையபடி கலகலப்பாகப் பேசினான். பழுதான மிக்சியும் மின்விசிறியும் வாங்கிச் சும்மாவே சரிசெய்து கொடுத்தான். கையால் வளர்த்த பிள்ளையை ஜெயிலுக்கு அனுப்பியவள் என்று ஜனங்கள் ஒதுக்கியது அக்காவைத்தான். மனைவிக்கு எலும்பு வைத்துப் பார்க்க அக்காதான் பிடிவாதம் பிடித்தாள், அதிலிருந்துதான் குடும்பம் கெட்டது என்றும் அவன் சொல்லிவைத்திருந்தான்.

தம்பி மனைவி மருத்துவமனையிலிருந்து அந்த வீட்டுக்குத் திரும்பவே இல்லை. முறிந்த மூட்டு ஏடாகூடமாகச் சேர்ந்துகொண்டது. வாய் ஒரு விரல் நுழைகிற அளவுக்குத்தான் திறந்தது. டாக்ஸி கம்பெனியில் இந்த முறை பூங்கொத்தும் இல்லை.

அந்தப் படத்தைப் பேராசிரியர் ஒரு மாநாட்டில் காட்டினார். அக்காவும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சுவர் நிறைய அந்தத் தாடை. எதிர்பாராத விபத்தில் நோயாளியின் தாடை மோதியது என்று அவர் சொன்னார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. மேடையிலிருந்து அவர் அக்காவைக் கைகாட்டி, இதை வளர்த்த கை அதுதான் என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எழுந்து வணக்கம் சொல்லும்படி ஆயிற்று.

ஆனால் கட்டுரைக்கு மேற்கொண்டு ஸ்கேன் வேண்டியிருந்தது. எத்தனை முறை கூப்பிட்டும் தம்பி மனைவி வரவில்லை. உறவுக்காரி நீங்கள், நீங்கள் போய்க் கேட்டால் வருவார்கள் என்று பேராசிரியர் அக்காவை அனுப்பினார்.

சலவைக் கடைக்கு மேலே ஓர் அறை. கீழிருந்து வெந்நீர் ஆவி ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. பார்சல் பிரிக்கிற கிடங்கில் வேலை என்று தெரிந்தது. அங்கே வாய்க்கு வேலையில்லை. தம்பி மனைவி அவளை உட்கார வைத்து டீ கொடுத்தாள். தனக்கு ஊற்றிக்கொண்டதை ஸ்ட்ரா வைத்து உறிஞ்சினாள். அக்கா வந்த விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொன்னாள். ஒரே ஒரு ஸ்கேன், ஒரு வலியும் இருக்காது, உன்னால் நாளைக்கு எத்தனையோ பேருக்கு முகம் கிடைக்கும்.

தம்பி மனைவி டம்ளரைக் கீழே வைத்தாள். பற்களைத் திறக்காமலே பேசினாள்.

"நீங்க தொட்டே பாக்கலியே அண்ணி. வாங்க, தொட்டுப் பாருங்க."

அக்காவின் கையைப் பிடித்துத் தன் வலது கன்னத்தில் வைத்து அழுத்தினாள். தோலுக்குக் கீழே எலும்பு வழவழவென்று, எங்கும் மேடு பள்ளம் இல்லாமல், காதை நோக்கி வளைந்து போயிற்று. அக்காவின் விரல் தன்னையறியாமல் அந்த வளைவைப் பிடித்துக்கொண்டு போய், சேர்ந்த இடம் எங்கே என்று தேடியது. கிடைக்கவில்லை.

"நல்லா இருக்கா?"

அக்காவால் பொய் சொல்ல முடியவில்லை. "நல்லா இருக்கு" என்றாள்.

"நான் உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்," என்றாள் தம்பி மனைவி. கன்னத்திலிருந்து கையை எடுத்து அக்காவின் மடியில் வைத்தாள். "என் செல்லு மிச்சம் ஏதாவது அங்க இருக்கா?"

உறைய வைத்த குப்பிகள் இருக்கின்றன என்றாள் அக்கா.

"கொட்டிடுங்க. எங்க கையெழுத்துப் போடணுமோ சொல்லுங்க, போடறேன். என்னோடது ஒரு சொட்டு அங்க இருக்கக் கூடாது."

அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அக்கா அதைப் பேராசிரியரிடம் நீட்டியபோது அவர் முகம் கறுத்தது. நீங்களே இதை வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறீர்களே, எடுத்துச் சொல்லி மனதை மாற்றியிருக்க வேண்டாமா என்றார். சட்டப்படி அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அக்கா குப்பிகளைப் பனிப் புகையோடு வெளியே எடுத்து, உருகும்வரை காத்திருந்து, பிளீச்சிங் திரவத்தை ஊற்றினாள். அடுத்த வாரம் அவளைச் செல் அறையிலிருந்து எடுத்து, கண்ணாடிச் சாமான்கள் கழுவுகிற இடத்துக்கு மாற்றினார்கள்.

அங்கே ஜன்னல் இல்லை. சாயங்காலம் வீடு திரும்பினால் தம்பி வாசலில் யாருடைய மின்விசிறியையோ பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பான். அவளைப் பார்த்ததும் கால்களை மடக்கி வழிவிடுவான். "என்னக்கா, எலும்பெல்லாம் நல்லா வளருதா?" என்பான். பக்கத்தில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறிப் போய்விடுவாள்.